விட்டுக்கொடுக்கும் வகை

ஓய்வு பெற்ற பிறகும் வேலை என்னை விடுவதாக இல்லை. போன மாதம் பழைய அலுவலகத்திலிருந்து திவ்யா என்ற பெண் போன் செய்தாள். நான் கிளம்புகிற சமயத்தில் புதிதாகச் சேர்ந்தவள். "மேம், இப்ப ஒரு சிஸ்டம் பண்றோம். நிறைய ஏஜென்ட் இருக்கு. ஒண்ணு திட்டம் போடுது, ஒண்ணு வேலை பாக்குது, ஒண்ணு குத்தம் கண்டுபிடிக்குது. இதுங்களை எப்படி மேம் வகை பிரிக்கிறது? நீங்கதான் அதுல எக்ஸ்பர்ட்டுன்னு சொன்னாங்க" என்றாள். எக்ஸ்பர்ட் என்று கேட்டதும் எனக்கு வந்தது சிரிப்பா கோபமா என்று யோசிப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது.

அவளுக்கு ஏதோ சொல்லி வைத்தேன். போனை வைத்த பிறகு, நான் சொன்னதில் எனக்கே நம்பிக்கை இல்லை. இத்தனை வருடம் அந்த வேலையைச் செய்தவளுக்கு இப்படி ஒரு நிலை. அதனால்தான் இதை எழுதுகிறேன். படித்து முடித்தபின் யாருக்காவது தெளிவு பிறந்தால் தயவுசெய்து எனக்கும் சொல்லுங்கள்.

எங்கள் தொழிலில் ஏஜென்ட் என்றால், தானே பார்த்து, தானே முடிவெடுத்து, தானே செயல்படும் ஒரு மென்பொருள். நமக்குப் பதிலாக ஒரு ஆள் போய் நிற்பது போல அது போய் நிற்கும். ஒன்றே ஒன்று இருந்தால் பெரிய தொல்லை இல்லை. பல ஏஜென்ட்டுகள் சேர்ந்து, ஒன்றோடு ஒன்று பேசி, பேரம் செய்து ஒரு வேலையை முடிக்க வேண்டும் என்றால் முதலில் எது எப்படி நடந்துகொள்ளும் என்று பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் சந்தை இரைச்சல்தான்.

என் கதை சுருக்கமானது. அப்பாவுக்கு உத்திரமேரூர் கடைத்தெருவில் தையற்கடை. காஞ்சிபுரத்தில் கணிதம் படித்தேன், சென்னையில் ஒரு சந்துக்குள் கம்ப்யூட்டர் கற்றேன், டேட்டா என்ட்ரியில் விரல் தேய்ந்தேன், பிறகு புரோகிராம் எழுத விட்டார்கள். எழுதியதை எல்லாம் எழுதிய அன்று இல்லை, மறுநாள்தான் புரிந்துகொள்வேன். இந்தக் குறையோடுதான் ஞானசேகர் சாரின் குழுவில் போய்ச் சேர்ந்தேன்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. தப்பு செய்தால் "பரவாயில்லை" என்பார். அந்தப் பரவாயில்லைக்குப் பயந்து இரண்டு பேர் வேலையை விட்டே போனார்கள். ஏஜென்ட்டுகள் தங்களுக்குள் அனுப்பிக்கொள்ளும் செய்திகளை அச்செடுத்துக் கொண்டு போனால், இடது ஓரத்தில் ஏஜென்ட்டின் பெயர் இருக்கும் பத்தியைப் பின்பக்கமாக மடித்து ஸ்டேப்ளர் அடித்துவிடுவார். அதற்குப் பதில் அ, ஆ, இ என்று பென்சிலால் எழுதுவார். பெயரைப் பார்த்தால் நாம் அதற்குக் குணம் கற்பித்துவிடுவோம் என்பது அவர் கட்சி. பிறகு கண்ணாடியைக் கழற்றி வேட்டித் துணியில் தைத்த கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே கேட்பார்.

"அது என்ன பண்ணுச்சு?"

"அது என்ன நினைச்சிருக்கும்னா சார்..."

உடனே கை உயரும். "நினைச்சதை விடும்மா. பண்ணதை மட்டும் சொல்லு."

ஒரு கிடங்கு வேலையில் அவர் சொன்னது எவ்வளவு சரி என்று கண்ணால் பார்த்தேன். சரக்கு வண்டிகளுக்கு ஆளுக்கொரு ஏஜென்ட். எல்லாவற்றுக்கும் மேலே 'மேற்பார்வை' என்ற பெயரில் ஒன்று. நாங்கள் எல்லோரும் அதை அறிவாளி என்று நினைத்து, எதற்கெடுத்தாலும் அதைக் கேட்கும்படி மற்றவற்றை எழுதியிருந்தோம். பெயரை மடித்துவிட்டுப் படித்தபோது அது செய்தது ஒன்றே ஒன்றுதான். செய்தி வந்தால் அதையே இன்னொருவருக்குத் தள்ளிவிடும். "இதுக்கா மேற்பார்வைன்னு பேரு வெச்சீங்க?" என்றார் சார். எங்கள் அறையில் மேலாளர்கள் சிலரும் இருந்ததால் யாரும் சிரிக்கவில்லை.

அன்றைக்கு அவர் பலகையில் நான்கு பெட்டி வரைந்தார். புத்தகத்தில் அவற்றுக்கு நீளமான பெயர்கள் உண்டு. நாங்கள் எங்களுக்குப் பிடித்த பெயரை வைத்துக்கொண்டோம். தொட்டவுடன் எதிர்வினை காட்டுவது தொட்டாச்சிணுங்கி. முன்னும் பின்னும் யோசித்துத் திட்டம் போடுவது கணக்குப்பிள்ளை. தன் வேலை நடந்தால் போதும் என்று இருப்பது காரியக்காரர். தனக்கு வந்ததை அடுத்தவருக்குத் தருவது விட்டுக்கொடுப்பவர். ஒரே ஏஜென்ட் காலையில் கணக்குப்பிள்ளையாகவும் மாலையில் தொட்டாச்சிணுங்கியாகவும் இருக்குமே என்று நான் கேட்டேன். "பரவாயில்லை" என்றார். அதோடு வாயை மூடிக்கொண்டேன். ஆனால் அந்தக் கேள்விக்கு இன்று வரை பதில் இல்லை.

எங்கள் பக்கத்து வேலை ஒன்று வந்தது நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு. உத்திரமேரூரைச் சுற்றியுள்ள சில கிராமங்களின் விவசாயிகள் ஒரு குழுவாகச் சேர்ந்திருந்தார்கள். நெல் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் பழுக்கும். அறுக்கும் மிஷினோ வெளியூரிலிருந்து வர வேண்டும், வருவது சில மட்டுமே. யாருக்கு முதலில், யாருக்கு அப்புறம் என்று அதுவரை புரோக்கர்கள் முடிவு செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பதில் எங்கள் சிஸ்டம். ஒவ்வொரு விவசாயியின் போனிலும் அவருக்கென்று ஒரு ஏஜென்ட் இருக்கும். தன் வசதியை அவர் வாயால் சொன்னால் போதும். ஏஜென்ட்டுகள் தங்களுக்குள் முறை பேசிக்கொள்ளும், மிஷினுக்கும் ஒரு ஏஜென்ட் இருக்கும், நடுவில் ஒரு தீர்ப்பு சொல்லும் ஏஜென்ட்.

"லலிதா, உங்க ஊர்தானே? நீயே போம்மா" என்றார் சார்.

எங்கள் ஊர்தான். ஆனால் கடைத்தெருப் பெண்ணுக்குக் கழனியில் என்ன தெரியும்? பேருந்து ஜன்னலிலிருந்து பச்சையாகத் தெரிந்தால் நெல், உயரமாகத் தெரிந்தால் கரும்பு. சென்னையில் எல்லோரும் எனக்கு விவசாயம் தெரியும் என்று நம்பினார்கள், கிராமத்தில் எல்லோரும் எனக்குக் கம்ப்யூட்டர் முழுவதும் தெரியும் என்று நம்பினார்கள். இரண்டு நம்பிக்கைக்கும் நடுவில் நான் வெயிலில் குடை பிடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் எல்லோர் போனிலும் ஏற்றிக் கொடுத்தேன். "இனிமே நீங்க அலைய வேணாம். இதுவே உங்களுக்காகப் பேசி முடிச்சிடும்" என்று எல்லா ஊரிலும் சொன்னேன். அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தார்கள்.

சொர்ணவாரிப் போகத்தின் அறுப்பு. ஆடி முடிந்து ஆவணி பிறக்கும் சமயம். பகலில் வெயில் கொளுத்தும், மாலையில் மேற்கே இடி இடிக்கும். பழுத்த நெல் ஒரு நல்ல மழைக்குத் தாங்காது. முதல் சில நாள் சிஸ்டம் அருமையாக ஓடியது. நாங்கள் செய்திகளை அச்செடுத்து, பெயரை மடித்து, பெட்டிகளில் போட்டோம். எந்தப் பெட்டியில் விழுகிறதோ அதற்கேற்ப தீர்ப்பு ஏஜென்ட் நடந்துகொள்ளும்படி எழுதியிருந்தோம். காரியக்காரர்கள் அடிக்கடி அவசரம் என்று கத்தினால் அதை நம்பாதே. தொட்டாச்சிணுங்கிகளைக் கொஞ்சம் ஆறப் போடு. நெருக்கடி என்றால் விட்டுக்கொடுப்பவர்களைத் தள்ளி வை, அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கடைசி விதியை எழுதும்போது, பல வீடுகளில் மூத்த பெண்ணுக்கு நடப்பது இதுதானே என்று ஒரு முறை தோன்றியது. தோன்றியதைச் சொல்ல அது இடமில்லை.

பட்டியலில் இரண்டு ஏஜென்ட்டுகள் சாருக்கு மிகவும் பிடித்துவிட்டன. மடித்த தாளில் அவை க, ச. க-வுக்கு முறை வந்தால் அதைச் ச-வுக்குக் கொடுத்துவிடும். ச அதை வைத்துக்கொள்ளாமல், யாருக்கு அதிக அவசரமோ அவர்களுக்குக் கொடுத்துவிடும். ஒவ்வொரு சுற்றிலும் இதேதான். "இந்த ரெண்டும் தங்கம். எல்லாமே இப்படி இருந்தா நமக்கு வேலையே இல்லை" என்றார். இரண்டையும் விட்டுக்கொடுப்பவர் பெட்டியில் போட்டோம். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை ஊருக்கு வந்தவள், உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில் காய் வாங்கிக்கொண்டு நின்றேன். ஒரு பெண் கொஞ்ச தூரத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். புடவை முந்தானையில் எதையோ முடிந்து கையில் பிடித்திருந்தாள். நான் பார்த்ததும் கிட்டே வந்தாள்.

"நீங்கதானே போன் மேடம்? என் பேரு எஸ்தர். மாகறல் பக்கம். எங்க வூட்டுக்கு வந்து போன்ல போட்டுக் குடுத்தீங்களே."

"ஆமாம்மா. அறுப்பு ஆச்சா?"

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒரு கைப்பிடி நெல். "கயினியில கீழ கொட்டிக் கெடந்தத பொறுக்கினது மேடம். தானா கொட்டுது. நான் சண்டைக்கு வரல. என் பேர்ல இன்னா குத்தம்னு கேக்கலாம்னு வந்தேன். எல்லாருக்கும் மிஷின் வருது, எனக்கு ஒண்டி வரமாட்டேங்குது. நான் எதுனா தப்பா சொல்லிட்டனா அந்தப் போனுல?"

பக்கத்து டீக்கடையில் உட்கார வைத்துக் கேட்டேன். அவள் வீட்டில் தலைமுறையாக எல்லோரும் அடுத்தவர் கழனியில் கூலிக்குப் போனவர்கள்தான். இந்தப் போகம்தான் முதல்முறையாக ஒரு கழனியை வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு தருவதாக, எடுத்துச் சொந்தமாகப் பயிர் வைத்திருக்கிறாள். நிலத்துக்காரர் காஞ்சிபுரத்தில் இருக்கிறார். "ஒரு போகம் பாக்கலாம், சரியா வந்தா மேல செய்" என்று சொல்லியே கொடுத்திருக்கிறார். நெல் கொட்டிப்போனால் அவருக்குப் பங்கு அளக்க முடியாது. பங்கு அளக்காவிட்டால் கழனி கை மாறிவிடும். அவள் புருஷன் ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போகிறவன், அந்த வேலை எப்போது இருக்கும் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. எஸ்தர் இதையெல்லாம் அழாமல்தான் சொன்னாள். டீயை மட்டும் தொடவில்லை.

வீட்டுக்கு ஓடி லேப்டாப்பைத் திறந்து பெயர்களோடு பார்த்தேன். க என்பது எஸ்தரின் ஏஜென்ட். சாரின் தங்கம்.

சாருக்குப் போன் போட்டேன். அவர் வழக்கம்போல நிதானமாகக் கேட்டார். "அது என்ன பண்ணுச்சு?"

"முறை வந்தப்பல்லாம் விட்டுக்கொடுத்துச்சு சார்."

"அப்ப சரியாத்தானே பண்ணுது?"

"சரியாத்தான் சார் பண்ணுது. ஆனா நெல்லு கொட்டுது."

சிஸ்டத்தில் எந்தப் பிழையும் இல்லை. பிழை இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்! எஸ்தர் பதிவு செய்யும்போது, "ஏகாம்பரம் அண்ணன்து ஆன அப்பால என்து" என்று சொல்லியிருந்தாள். அவளுடைய ஏஜென்ட் அதை அவள் விருப்பமாக எடுத்துக்கொண்டு, வந்த முறையை எல்லாம் ஏகாம்பரத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. ஏகாம்பரம், "எனக்கு அவசரமில்ல, ஆவட்டும்" என்று சொல்லியிருந்தார். அவருடைய ஏஜென்ட் வந்ததை எல்லாம் அவசரக்காரர்களுக்குத் தந்துகொண்டிருந்தது. யார் மேல் குற்றம் சொல்வது?

மறுநாள் சார் காரில் வந்து இறங்கினார். இரண்டு பேரும் மாகறல் பக்கம் போனோம். செய்யாற்றங்கரையிலிருந்து உள்ளே போகும் மண் பாதையில் காரை நிறுத்திவிட்டு வரப்பில் நடந்தோம். சாருக்கு வரப்பில் நடக்க வரவில்லை, எனக்கும்தான். பாதையை ஒட்டி ஏகாம்பரத்தின் கழனி. அதைத் தாண்டி உள்ளே எஸ்தருடையது. அதற்கு அந்தப் பக்கம் ஓடை. எஸ்தரின் நெல் நன்றாகப் பழுத்துத் தலை தொங்கியிருந்தது. ஏகாம்பரத்தின் நெல்லில் பாதி இன்னும் பச்சை. அவர் போட்டது நாள் அதிகம் பிடிக்கும் ரகம். அவர் அறுக்காமல் எஸ்தரின் கழனிக்குள் மிஷின் இறங்க வழியே இல்லை. நின்று பார்த்த உடனே புரிந்துவிட்டது, ஆனால் அறையில் உட்கார்ந்து பெயரை மடித்துப் படித்தவர்களுக்கு அது தெரிய வழியில்லை.

சார் எஸ்தரிடம் பழக்க தோஷத்தில் கேட்டார். "என்ன நடக்குதோ அதை மட்டும் சொல்லுங்கம்மா."

"நெல்லு கொட்டிக்கினு கீது சார். அதான் நடக்குது."

அவர் கைக்குட்டையை எடுத்தார். நான் எஸ்தரைக் கேட்டேன். "பக்கத்துக் கழனிதானே? ஏகாம்பரத்துகிட்ட ஒரு வார்த்தை வழி கேட்டிருக்கலாமேம்மா? நாலு வரிசை கையால அறுத்துவிட்டா மிஷின் போயிடாதா?"

அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டவளைப் பார்ப்பது போல இருந்தது.

"எப்புடி மேடம் கேக்கறது? நடுவுல ஆளு வெச்சாச்சே. நீங்கதானே வந்து, இதுவே பேசி முடிச்சிடும்னு சொன்னீங்க. பேச்சு நடந்துக்கினு கீறப்ப நான் நேரா போயி வாய தொறந்தா, வெச்ச ஆளுக்கு இன்னா மரியாதை?"

அதற்குள் ஏகாம்பரமே வந்துவிட்டார். வயதானவர், தோளில் துண்டு. வந்ததும் என்னிடம்தான் பேசினார், எஸ்தரின் பக்கம் திரும்பவில்லை. "மேடம், நான் தெனம் பாக்கறேன். வவுறு எரியுது. என்து பச்ச நிக்குது, அந்தப் பொண்ணுது கொட்டுது. பேச்சு உங்க கையில கீது, நானா போயி எப்புடி வாய தொறக்கறது?"

அப்போதுதான் எனக்கு எங்கள் வீட்டுக் கதை ஞாபகம் வந்தது. எங்கள் பக்கத்தில் பெண் கேட்கும் பேச்சானாலும் நிலப் பேச்சானாலும் நடுவில் ஒருவரை வைத்துவிட்டால் இரண்டு பக்கமும் அதைப் பற்றி நேரில் பேசிக்கொள்ளாது. எதிரெதிரே டீ குடிப்பார்கள், வெற்றிலை மாற்றிக்கொள்வார்கள், மழையைப் பற்றிப் பேசுவார்கள். நடுவில் நிற்பவர் வந்து முடிந்தது என்றோ, என்னால் ஆகவில்லை நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்றோ சொல்லும் வரை அந்த விஷயத்தில் வாய் திறப்பது மரியாதைக் குறைவு. என் அக்காவுக்கு வரன் பார்த்தபோது மாப்பிள்ளையின் அப்பா எங்கள் கடையில் வந்து சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டு, கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் போனார். எனக்கு இது தெரியும். தெரிந்தது எதுவும் வேலைக்குப் போகும்போது கூட வராது போலிருக்கிறது.

நாங்கள் போனில் ஏற்றிக் கொடுத்தது எங்களுக்கு மென்பொருள். அவர்களுக்கு அது நடுவில் வைத்த ஆள். ஏற்றிய நாள் முதல் அந்த ஊர்களில் ஒருவரோடு ஒருவர் அறுப்பைப் பற்றிப் பேசுவதையே மரியாதையாக நிறுத்திவிட்டார்கள். எங்கள் ஏஜென்ட்டுகள் எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டன, மனிதர்களும் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டார்கள். நெல் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது.

"இப்ப என்ன பண்றது?" என்றார் சார். அவர் என்னை அப்படிக் கேட்டது அதுவே முதல் தடவை.

ஏகாம்பரம் மெதுவாகச் சொன்னார். "யாரு வெச்சாங்களோ அவங்க சொல்லணும் சார். மேடம்தான் வந்து எல்லார் போன்லயும் போட்டுக் குடுத்தாங்க."

நான் சாரைப் பார்த்தேன். இந்த சிஸ்டத்துக்கு ஒப்பந்தம் இருக்கிறது, அதில் எங்களால் ஆகவில்லை என்று சொல்ல எந்த இடமும் இல்லை. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே மேற்கே பார்த்தார். அங்கே வானம் கறுத்துக்கொண்டிருந்தது. "சொல்லும்மா" என்றார்.

என் வாயில் ஆபீஸ் தமிழ் வரவில்லை. "எங்களால ஆவல. நீங்களே பேசிக்கோங்க" என்றேன். சொன்னபோது எனக்கு வந்தது வெட்கமா, நிம்மதியா, தெரியவில்லை.

சொன்னதுதான் தாமதம், எஸ்தர் ஏகாம்பரத்தின் பக்கம் திரும்பினாள். "அண்ணா, வரப்போரமா மிஷின் போற அளவுக்கு வழி விடுங்க. பச்சையில அறுத்தா உங்களுக்கு நஷ்டம். அதுக்கு என் நெல்லுல எடுத்துக்கோங்க. வைக்கோல் மொத்தமும் உங்க மாட்டுக்கு."

"நெல்லு வோணாம். வைக்கோல் போதும். வூட்ல போயி கத்தி எடுத்துக்கினு வா, நானும் பசங்கள வரச் சொல்றேன்."

அவ்வளவுதான். இத்தனை நாள் ஏஜென்ட்டுகள் இராப்பகலாகப் பேசியது ஒரு வாய் டீ குடிக்கும் நேரத்தில் முடிந்தது. வைக்கோல் என்று ஒன்றைப் பேரத்தில் வைக்கலாம் என்றே எங்கள் சிஸ்டத்துக்குத் தெரியாது. அதில் முறையை மட்டும்தான் கொடுக்கலாம், வாங்கலாம்.

மிஷின் அடுத்த ஊரில் இருந்தது. டிரைவர் சேலம் பக்கத்துக்காரர், போன் என்ன சொல்கிறதோ அதன்படிதான் வருவேன் என்றார். சார் அலுவலகத்துக்குப் போன் போட்டு எஸ்தரை முதலில் போடச் சொன்னார். அந்தப் பக்கம் இருந்த பையன், "சார், அது விட்டுக்கொடுப்பவர் வகை. நெருக்கடியில முன்னாடி வராது. எந்த வகைக்கு மாத்தட்டும்?" என்று கேட்டது எனக்கே கேட்டது. சார் வரப்பில் நின்றுகொண்டு கத்தினார். "வகையைக் கேக்காதடா! முன்னாடி போடு!" அவர் குரலை உயர்த்தி அன்றுதான் கேட்டேன்.

ஏகாம்பரம் வீட்டு ஆட்களும் எஸ்தரின் சொந்தக்காரர்களும் சேர்ந்து பச்சை நெல்லில் ஒரு பாதை அறுத்தார்கள். நானும் குனிந்து பார்த்தேன், ஒரு பிடி அறுப்பதற்குள் கையைக் கிழித்துக்கொண்டேன். "நீங்க வரப்புல குந்துங்க மேடம், பேஜாரா பூடும்" என்று ஏகாம்பரத்தின் மருமகள் என்னைத் தூக்காத குறையாக உட்கார வைத்தாள். மிஷின் வந்து உள்ளே இறங்கியபோது எஸ்தர் அதன் கூடவே நடந்தாள். பாதிக்கு மேல் அறுத்திருக்கும், மழை வந்துவிட்டது. சாதாரண மழை இல்லை. மீதி நெல் எங்கள் கண் முன்னாலேயே படுத்துவிட்டது. எஸ்தர் நனைந்துகொண்டே கோணிகளின் மேல் தார்ப்பாயை இழுத்தாள். சாரும் ஒரு முனையைப் பிடித்தார். பிடித்துக்கொண்டே, "பரவாயில்லை, பரவாயில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

அடுத்த வாரக் கூட்டத்தில் இதைப் பேசிப் பேசி எல்லோரும் இன்னும் குழம்பினோம். ஒருவன் ஐந்தாவதாக ஒரு பெட்டி வேண்டும் என்றான். இன்னொருத்தி, எஸ்தரின் ஏஜென்ட் உண்மையில் காரியக்காரர்தான், தனக்கு வழி கிடைப்பதற்காகத்தானே அடுத்தவருக்குக் கொடுத்தது என்றாள். ஏகாம்பரத்துடையதோ நிஜமாகவே விட்டுக்கொடுத்தது. இரண்டும் செய்தது ஒரே செய்கை. ஒருவருக்கு அது தாராளம், இன்னொருவருக்கு வேறு வழியில்லை. பெயரை மடித்தாலும் விரித்தாலும் தாளில் அது ஒரே மாதிரிதான் தெரிகிறது. சார் கடைசியில் பலகையில் ஒரு கேள்வியை எழுதிவிட்டு உட்கார்ந்துவிட்டார். இது வந்த பிறகு சுற்றி இருக்கும் ஆட்கள் எதைச் செய்வதை நிறுத்தினார்கள் என்று. நல்ல கேள்விதான். ஆனால் அதை எந்தப் பெட்டியில் வைத்துப் பார்ப்பது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. திவ்யாவிடம் இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவள் என்னை மறுபடி கூப்பிடவே மாட்டாள்.

எஸ்தரின் கழனிக் கதை மழையோடு முடியவில்லை. நிலத்துக்காரருக்கு அளக்க வேண்டிய பங்கு குறைந்தது. அவர் ஆள் அனுப்பி, வேறொருவர் கேட்கிறார், பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். எஸ்தர் நேரில் போய்க் கெஞ்சத் தயாராக இருந்தாள். ஏகாம்பரம் தடுத்துவிட்டார். "நீ போவாத. நீ போனா கெஞ்சுவ. நான் போயி பேசிட்டு வரேன்" என்று, யாரும் கேட்காமல் தானே நடுவில் நின்றுகொண்டார். தன் நெல் பச்சையாக நின்றதால்தானே அவள் நெல் போனது என்று அவருக்கு உறுத்தல். அது அவர் குற்றம் இல்லை என்று நான் எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை.

அவர் காஞ்சிபுரம் போன அன்று நான் எஸ்தரின் வீட்டில் இருந்தேன். ஏன் போனேன் என்றால், வீட்டில் இருக்க முடியவில்லை. அவள் சோறாக்கினாள், துணி துவைத்தாள், ஏற்கனவே பெருக்கிய வாசலை மறுபடி பெருக்கினாள். நிலத்துக்காரரின் நம்பர் அவள் போனிலேயே இருந்தது. "ஒரு போன் போட்டுக் கேட்டுடலாமேம்மா" என்று ஒரு தடவை சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

வெயில் சாயும் நேரத்தில் பஸ் வந்தது. ஏகாம்பரம் இறங்கி மெதுவாக நடந்து வந்தார். சொம்புத் தண்ணீரை வாங்கி முழுதும் குடித்தார், துண்டால் முகத்தைத் துடைத்தார். எஸ்தர் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"முடிஞ்சிது" என்றார் அவர். "விதை நெல்லு பாத்து வெச்சிக்க சொன்னாரு. கொறஞ்ச பங்கு அடுத்த போகத்துல."

எஸ்தர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அத்தனை நாள் அழாதவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். பிறகு அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து, ஏகாம்பரத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"அண்ணா, இந்தத் தடவ நீங்க இன்னா ரகம் போடறீங்க? நானும் அத்தயே போடறேன். ரெண்டு பேருதும் ஒண்ணா பழுக்கட்டும்."